அப்பாவின் குரல்வளை: ஆபரேஷனா, கதிர்வீச்சா?

அப்பாவுக்குக் குரல்வளைப் புற்றுநோய், மூன்றாம் நிலை என்று தெரிந்ததும் எங்கள் முன் இரண்டு வழிகளை வைத்தார்கள். குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிடுவது ஒன்று. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரம், மொத்தம் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஊசி என்பது மற்றொன்று. 'கத்தி பட்டால் பரவிடும்' என்று சொந்தக்காரர்கள் கிளப்பிய பீதியை நாங்கள் காதில் வாங்கவில்லை.

கதிர்வீச்சு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். 1991இல் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்த ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களும், முதலில் கீமோ பிறகு கதிர்வீச்சு என்று போனவர்களும் இரண்டாண்டு முடிவில் ஒரே அளவில், 68 சதவீதம் பேர், உயிரோடு இருந்தார்கள். இரண்டாம் பிரிவில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் குரல்வளை தப்பியது. கீமோவையும் கதிர்வீச்சையும் ஒரே சமயத்தில் சேர்த்தே கொடுத்தால் குரல்வளை இன்னும் அதிகம் பேருக்குத் தப்புகிறது என்று 2003இல் வந்த ஆய்வு காட்டியது.

"அப்போ ஆபரேஷன் எதுக்கு சார்?" என்று கேட்டேன். கட்டி குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்திருந்தாலோ, தண்ணீர் குடித்தாலே புரையேறும் நிலையில் இருந்தாலோ, குரல்வளையை விட்டுவைத்தும் பெரிய பயனில்லை என்றார். அப்பாவுக்கு ஒரு பக்கக் குரல்நாண் அசையவில்லை. ஆனால் குருத்தெலும்பு நன்றாக இருந்தது, விழுங்குவதிலும் சிக்கல் இல்லை. அதனால் கதிர்வீச்சு வழியிலேயே போகலாம் என்பதைச் சர்ஜனும் ஒத்துக்கொண்டார்.

காத்திருந்த இடத்தில், ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெரியவர், மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் போட்ட துளையைக் கட்டைவிரலால் மூடி, உள்ளே பொருத்திய வால்வு வழியாகப் பேசினார். "பேச்சு வந்துடும் தம்பி, குளத்துல இறங்கத்தான் முடியாது." அதற்கப்புறம் அப்பாவுக்கு இரண்டு வழியிலும் பயம் குறைந்தது.

கதிர்வீச்சு என்றால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். தொடங்கும் முன்பே சொத்தைப் பற்களைப் பிடுங்கினார்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாதாம். சிஸ்பிளாட்டினுக்காகக் காது, சிறுநீரகப் பரிசோதனை. பீடியைக் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னார்கள். பாதி தாண்டியதும் வாயெல்லாம் புண், எச்சில் பசையாகிவிட்டது, ருசி போனது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி.

இப்போது குரல் கரகரப்புதான், ஆனால் அவருடைய குரல். கதிர்வீச்சில் தைராய்டு மந்தமாகியிருப்பதால் தினமும் மாத்திரை போடுகிறார். மறுபடி வந்தால் அப்போதும் ஆபரேஷன் செய்யலாம். ஆனால் கதிர்வீச்சு பட்ட கழுத்தில் காயம் ஆற நாளாகும் என்று சர்ஜன் முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.