சித்தப்பாவின் கொப்பியும் ரோய் கீனும்

2025 ஏப்ரல் 18, வெள்ளி

அதிகாலை மூன்றரை ஆகிவிட்டது, தூக்கம் வரவில்லை. யூரோப்பா லீக்கில் மன்செஸ்டர் யுனைடெட் 5, லியோன் 4. மேலதிக நேரத்தில் 2–4 என்று பின்னால் நின்ற அணி ஏழு நிமிடத்துக்குள் மூன்று கோல் போட்டது. பெர்னாண்டஸின் பெனால்டி, மைனூ, கடைசியில் 121ஆவது நிமிடத்தில் மக்வயரின் தலை. லியோனுக்குப் பத்துப் பேர்தான் மிச்சம் என்பதை இந்த வீட்டில் யாரும் நினைவூட்டக்கூடாது.

சித்தப்பா கத்தக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது குரல்நாணுக்கு இன்னும் கேடு என்று டொக்டர் அழுத்திச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மக்வயர் கோல் போட்டதும் தலையணையைக் கடித்தார். சித்தி பயந்தே போனார். மூச்சு திரும்பியதும் கொப்பியை இழுத்து எழுதினார்: "கீன் இப்போது என்ன சொல்வார்?"

யுனைடெட்டின் பழைய அணித்தலைவர், இப்போது தொலைக்காட்சி விமர்சகர் ரோய் கீன். வென்ற இரவிலும் இவருக்குக் கீனின் திட்டுத்தான் வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நாள் முழுக்கக் கொப்பியில் சண்டை. வெளியே மழை, சண்டைக்கு நல்ல நாள்.

அவர் கட்சி: ரோய் கீன் யாருக்கும் வால் பிடிக்க மாட்டார். மற்ற விமர்சகர்கள் நாளைக்கு அதே வீரனிடம் பேட்டி எடுக்க வேண்டுமே என்று வாயை அளந்து திறப்பார்கள்; கீன் திறந்தால் திறந்ததுதான்.

என் கட்சி: கேரி நெவில், அவரும் பழைய யுனைடெட் வீரர்தான். படத்தை நிறுத்தி, பின்கள வீரன் எந்த நொடியில் தோளைத் தவறான பக்கம் திருப்பினான் என்று காட்டுகிறவர் எனக்குப் போதும். அதைப் பார்த்த பிறகு அடுத்த போட்டியை வேறு கண்ணால் பார்க்கிறேன். கீனைப் பார்த்த பிறகு எனக்குக் கீனைப் பற்றி மட்டும்தான் தெரிகிறது.

இன்னொன்றும் எழுதிக் காட்டினேன். இவர்கள் பேசும் இங்கிலாந்தின் ஸ்கை தொலைக்காட்சி நிகழ்ச்சி நமக்கு நேராக வருவதில்லை, கைத்தொலைபேசியில் துண்டு துண்டாகத்தான் வருகிறது. துண்டு போடுகிறவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? கீன் புருவத்தை உயர்த்தி, பெருமூச்சு விட்டு, ஒரு பையனைக் கிழிக்கும் அரை நிமிடத்தை. நெவில் பலகைக்கு முன்னால் நின்று விளக்கும் எட்டு நிமிடத்தை எவன் வெட்டிப் போடுவான்? உலகம் முழுவதும் கீனை நேசிக்கிறது என்றால் பாதிப் பெருமை கத்தரிக்கோலுக்குத்தான்.

சித்தப்பா "2005" என்று மட்டும் எழுதிப் பென்சிலை வைத்துவிட்டார். மிச்சத்தை நான் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். மிடில்ஸ்பரோவிடம் யுனைடெட் 1–4 என்று தோற்றது. காயத்தில் இருந்த அணித்தலைவர் கீன், கழகத்தின் சொந்தத் தொலைக்காட்சியில் விமர்சகராக உட்கார்ந்தார். கூட விளையாடுகிறவர்களையே பெயர் சொல்லி உரித்தார். கழகம் அந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பவில்லை. நவம்பர் 18ஆம் திகதி பன்னிரண்டு வருட உறவு முடிந்தது.

பென்சில் மறுபடி எழுந்தது: "விமர்சனம் செய்து வேலையை விட்டவர் கீன். வலென்சியாவில் பயிற்சியாளர் வேலை போய், விமர்சன நாற்காலிக்கு ஓடி வந்தவர் நெவில்."

நன்றாகத்தான் எழுதுகிறார். ஆனால் வலென்சியாவுக்குப் பிறகுதான் நெவிலை எனக்கு அதிகம் பிடித்தது. 2015 டிசம்பரில் போனார், அடுத்த மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள், நடுவில் பார்சிலோனாவிடம் 0–7. அதற்கு முன் பயிற்சியாளர்களைப் பற்றி இடைவெளி இல்லாமல் பேசிய மனிதர், இப்போது ஒருவரைக் குறை சொல்லும் முன் ஒரு கணம் நிற்கிறார். அந்த நிற்றலுக்கு விலை கொடுத்திருக்கிறார்.

பிறகு என் துருப்பை எடுத்தேன். 2008இல் கீன், தொலைக்காட்சி விமர்சகராக உட்காருவதை விடப் பல் வைத்தியரிடம் போவது மேல் என்றார், அங்கே இல்லாத ஒன்றை விற்கிறார்கள் என்றும் சொன்னார். இப்போது ஐடிவியில் அவர், ஸ்கையில் அவர், பந்தயக் கம்பனியின் விளம்பரத்தோடு வரும் நெவிலின் யூடியூப் நிகழ்ச்சியிலும் அவர். என்ன விற்கிறாராம்?

சித்தப்பா பதில் எழுதவில்லை. ஒரு கடைவாய்ப் பல்லை வரைந்து என் பக்கம் தள்ளினார்.

ஏப்ரல் 22

சித்தப்பாவின் ஆஸ்பத்திரி அறிக்கை வரவில்லை.

ஏப்ரல் 24

போன் எடுத்தேன். அடுத்த கிழமை எடுக்கச் சொன்னார்கள். போன கிழமையும் இதைத்தான் சொன்னார்கள்.

ஏப்ரல் 28, திங்கள்

லிவர்பூல் சம்பியன். நேற்று டொட்டன்ஹாமை 5–1. ஆசிரியர் அறையில் கணக்கு சேர் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்து, நெவிலைப் பற்றி என்னிடம் துக்கம் விசாரித்தார். அவருடைய ஆள் ஜேமி கரகர். லிவர்பூலுக்காக 737 போட்டிகள், ஒரு பிரீமியர் லீக் பட்டமும் இல்லை. அதனால் அவர் பேசும்போது பொறாமை கலக்காது என்பது சேரின் கணக்கு. எனக்கு இது விளங்கவில்லை, கிடைக்காதவனுக்குத்தானே பொறாமை வரும்? ஆனால் கரகர் வாதாடுவது எனக்கும் பிடிக்கும். அந்த லிவர்பூல் உச்சரிப்பில் பாதி புரியாது, கோபம் மட்டும் முழுதாகப் புரியும். 2018இல் காரில் இருந்து எச்சில் துப்பி, பக்கத்துக் காரில் ஒரு சிறுமி இருக்க, ஸ்கை அவரை அந்தப் பருவம் முடியும்வரை நிறுத்தி வைத்ததை நான் எடுத்தேன். சேர் கேக் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அபிமான விமர்சகன் என்றால் இப்படித்தான். குடும்பத்து மாப்பிள்ளையைப் பற்றிப் போல, சிலதைப் பேசமாட்டோம்.

மே 2

யுனைடெட் பில்பாவோவில் போய் 3–0. சித்தப்பா இரண்டாம் பாதியில் தூங்கிவிட்டார். அவர் தூங்கியதே கிடையாது.

மே 4, ஞாயிறு

சித்தி பழைய பெட்டியைக் கிளறினார், எல்லாம் கிளறப்பட்டன.

எஸ்பிஎன் ஸ்டார் தொலைக்காட்சியின் காலத்தை இவர் இன்னும் விடவில்லை. சிங்கப்பூர் கலையகம், ஜோன் டைக்ஸ் கேள்வி கேட்க, மலேசியாவின் முன்னாள் பின்கள வீரர் ஷெபி சிங் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்வார். ஐரோப்பிய ஆட்டத்தைப் பற்றி நம் பக்கத்து முகம் ஒன்று இவ்வளவு துணிந்து பேசுவதை அன்றுதான் பார்த்தோம் என்று எழுதினார். பிறகு 2012இல் பிளாக்பர்ன் கழகத்துக்கு ஆலோசகராகப் போய் அங்கே எல்லோருடைய வசவையும் வாங்கினார். 2022 ஜனவரியில் இறந்துபோனார். சித்தப்பா அன்று கடை திறக்கவில்லை. ஏன் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு ஞாபகம் வந்தது வேறு. நோர்வூட் மைதானத்தில் தோட்டத்துப் போட்டிகள். கோல் விழுந்ததும் எல்லோரும் அடித்தவனை நோக்கி ஓடுவார்கள். சித்தப்பா அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார், மூன்று பாஸுக்கு முன்னால் நின்று வேடிக்கை பார்த்த லெப்ட் பெக்கை இங்கிருந்தே கூப்பிட்டு, "நீ அப்போதே ஓடியிருந்தால் இது இல்லை" என்பார். அந்தக் குரல் கீழே ஆற்றுக்கும் கேட்கும். பையன்கள் ஆட்டம் முடிந்து கப்பை விட்டுவிட்டு இவரைத் தேடி வருவார்கள், தாங்கள் செய்தது என்ன என்று கேட்க.

இவர் கீனின் ஆள் இல்லை. அச்சாக நெவிலின் ஆள். எழுதிக் காட்டினால் கொப்பியை அடுப்பில் போடுவார்.

மே 7, புதன்

நேற்று உள்ளூராட்சித் தேர்தல். இருவரும் விரலில் மையோடு இரவு இன்டர்–பார்சிலோனா பார்த்தோம். 4–3, மொத்தம் 7–6. அசெர்பி 93ஆவது நிமிடத்தில் சமன் செய்தபோது நான்தான் இரண்டு பேருக்குமாகக் கத்தினேன்.

காலையில் அமெரிக்க சிபிஎஸ் தொலைக்காட்சியின் துண்டுகள். கேட் அப்டோ நடுவில், தியரி ஹென்றி, மைக்கா ரிச்சர்ட்ஸ், கரகர். ஊரில் இளசுகளுக்கெல்லாம் ரிச்சர்ட்ஸின் சிரிப்பு வேண்டும். எனக்கு இரண்டு துண்டுக்கு மேல் தாங்காது. சிரிப்பதற்கு முன்பே அங்கே சிரிப்பு தயாராக இருக்கிறது. ஹென்றி வேறு. 2015இல் பயிற்சியாளர் ரொஜர்ஸை லிவர்பூல் நீக்கிய செய்தி நேரலையில் வந்தபோது, அதிர்ச்சியில் பக்கத்தில் இருந்த கரகரின் தொடையைப் பிடித்தாரே, அந்த ஒரு கைக்காகவே அவரை மன்னிக்கலாம். கலையகத்தில் நடந்தவற்றில் ஒத்திகை இல்லாதது அதுதான்.

மே 11

கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்தது. சித்தி எங்கள் ஆட்கள் யார் யார் பயணத்தில் என்று எண்ணி எண்ணிப் போன் செய்தார். எதுவும் பார்க்கவில்லை.

மே 12

வெசாக். கிளினிக் இல்லை.

மே 14, புதன்

கடையில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டே, பெண்கள் உட்கார்ந்து பந்து பற்றிப் பேச ஆரம்பித்த பிறகுதான் ஆட்டம் கெட்டது என்றார். அலெக்ஸ் ஸ்கொட்டைச் சொல்கிறாராம். இங்கிலாந்துக்காக 140 போட்டி ஆடியவர் அலெக்ஸ் ஸ்கொட். பெரியவர் ஆடியது எத்தனை என்று கேட்க நாக்கு துடித்தது. சித்தப்பாவால் பேச முடியாத கடையில் நான் சண்டை போட்டால் அதற்கு வேறு பேர் வரும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொப்பியில் கொட்டினேன். 2011 ஜனவரி, சியன் மெஸ்ஸி துணை மத்தியஸ்தராகக் கொடி பிடித்தார். ஒரு பெண்ணுக்கு ஓஃப்சைட் தெரியாது என்று ஸ்கையின் ரிச்சர்ட் கீஸும் அண்டி கிரேயும் ஒலிவாங்கி திறந்திருப்பது தெரியாமல் பேசிக்கொண்டார்கள். அன்று லிவர்பூல் கோலுக்கு முன்னால் வந்த மிக நெருக்கமான ஓஃப்சைட் தீர்ப்பில் மெஸ்ஸி சரி. கிரேயை வீட்டுக்கு அனுப்பினார்கள், கீஸ் தானே விலகினார். பிறகு இருவரும் டொஹாவுக்குப் போய் பீயின் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டார்கள். டொஹாவில் வாகனம் ஓட்டும் அத்தானுக்கு அந்த இருவரும்தான் உதைபந்தாட்டம்! "மற்றவர்கள் பொடியன்கள்" என்பார். நம் வீட்டு ஆண்கள் உழைக்கப் போன இடத்தில் அவர்களும் பிழைக்கப் போயிருக்கிறார்கள்.

பயிற்சியாளர் எம்மா ஹேய்ஸ் பற்றியும் எழுதினேன். 2021இல் நடந்த ஐரோப்பியக் கிண்ணத்தில் ஐடிவியில் பேசினார். ஆட்டம் எங்கே மாறும் என்பதை மாறுவதற்கு முன்பே சொன்னார். பிறகு அமெரிக்கப் பெண்கள் அணியோடு 2024இல் ஒலிம்பிக் தங்கம். என் பட்டியலில் நெவிலுக்கு மேலே அவர்தான், சித்தப்பாவுக்கு இதை இன்றுதான் சொல்கிறேன்.

நீளமாகப் படித்தார். "அந்தப் பெரியவர் கோல் கீப்பராக நின்றவர். ஒரு போட்டியில் ஆறு வாங்கினார்" என்று எழுதினார். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

மே 18, ஞாயிறு

கிறிஸ்டல் பேலஸ் எஃப்ஏ கிண்ணத்தை வென்றது. மன்செஸ்டர் சிட்டியை 1–0, ஈஸேயின் கோல். அவர்களுடைய முதல் பெரிய கிண்ணம். 1990 இறுதியில் பேலஸின் மாற்று வீரராக வந்து யுனைடெட்டுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார், இப்போது விமர்சகராக இருக்கும் இயன் ரைட்; 3–3, மறுபோட்டியில் பேலஸ் தோற்றது. சித்தப்பாவுக்கு அந்தக் கிண்ணம் பயிற்சியாளர் ஃபெர்குசன் யுனைடெட்டில் வென்ற முதல் கிண்ணம். எனக்கு அது ரைட்டின் கிண்ணம்.

ரைட்டைப் பற்றிப் பேசும்போது என்னால் நியாயமாக இருக்க முடியாது. அவர் ஆய்வு செய்வதில்லை, நெவிலின் கால்வாசி கூட இல்லை. அர்செனல் என்றால் கண் கலங்குவார். ஆனாலும் அந்தப் பழைய படத்துண்டு இருக்கிறதே: இறந்துவிட்டார் என்று நினைத்திருந்த சிறுவயது ஆசிரியர் பிக்டன் திடீரென்று பின்னால் வந்து நிற்க, ரைட் சட்டென்று தொப்பியைக் கழற்றுகிறார். வளர்ந்த மனிதன் வகுப்புப் பிள்ளையாகிறான். ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளோடு பொறுமை போகும் நாளில் நான் அதைத்தான் பார்க்கிறேன். 22 வயதை நெருங்கும்போதுதான் பேலஸ் அவரை எடுத்தது.

சித்தப்பா சோறு பாதியில் வைத்துவிட்டார். விழுங்கும்போது வலிக்கிறதா என்றால் தலையை ஆட்டுகிறார், அது ஆம் என்றும் இல்லை என்றும் இருக்கிறது.

மே 22

யூரோப்பா லீக் இறுதிப்போட்டி, டொட்டன்ஹாமிடம் 0–1. பிரெனன் ஜோன்சன், 42ஆவது நிமிடம். ஒரு பருவம் முழுக்க இதற்குத்தானா?

விடிவதற்குள் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். யார் போக வேண்டும், யாரை விற்க வேண்டும், எத்தனை மில்லியன். இன்று எவனுடைய வாயும் பிடிக்கவில்லை, நெவிலுடையதும். சித்தப்பா கொப்பியைத் தொடவில்லை.

மே 26, திங்கள்

கேரி லினேக்கர் நேற்றோடு பிபிசியின் 'மேட்ச் ஒப் த டே'யை விட்டுப் போனார். 1999இல் இருந்து அவர்தான் தொகுப்பாளர். அதே நிகழ்ச்சியில் 1995இல் அலன் ஹான்சன், சிறுவர்களை வைத்து எதையும் வெல்ல முடியாது என்று யுனைடெட்டைப் பார்த்துச் சொன்னார். அந்தச் சிறுவர்கள் லீக்கையும் எஃப்ஏ கிண்ணத்தையும் சேர்த்து வென்றார்கள். அன்று அஸ்டன் வில்லாவிடம் 1–3 தோற்ற சிறுவர்களில் நெவிலும் ஒருவர். ஹான்சன் எவ்வளவோ நுட்பமாகப் பேசியவர். மிஞ்சியது அந்த ஒரு வரி. விமர்சகர்களுக்கு இது கொடுமைதான், ஆனால் அவர்கள் வீரர்களுக்குச் செய்வதும் அதுவே.

சித்தப்பா இன்று எழுதினார். 2023 மார்ச்சில் லினேக்கரை ஒரு சமூக வலைத்தளப் பதிவுக்காக நிறுத்தி வைத்தபோது, ரைட்டும் ஷியரரும் வர மறுத்து, வர்ணனையாளர்களும் மறுத்து, நிகழ்ச்சி யாரும் பேசாமல் இருபது நிமிடம் ஓடியது. "அதுதான் நல்ல நிகழ்ச்சி" என்கிறார். பேச்சையே தொழிலாக நேசித்த மனிதர் இதை எழுதினால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பேச்சில்லாத உதைபந்தாட்டம் யாருக்கு வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

மே 28

காற்று. மின்சாரம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து அவர்களே போன் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை, வீட்டார் ஒருவரோடு.

மே 29, வியாழன்

காலை ஐந்தரை பஸ், கினிகத்தேனை வழி மண் சரிந்தால் வேறு வழி பார்க்க வேண்டும். கிளினிக் அட்டையையும் பழைய துண்டுகளையும் பையில் வைத்துவிட்டேன்.

டொக்டரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதித் தந்திருக்கிறார். ஒன்று, எப்போது பேசலாம். இரண்டு, சனி இரவு பாரிஸ்–இன்டர் இறுதிப்போட்டிக்குக் கண் விழிக்கலாமா. மூன்று, கோல் விழுந்தால் ஒரே ஒரு முறை கத்தலாமா.

மூன்றாவதைக் கேட்க மாட்டேன் என்றேன். கீனாக இருந்தால் முகத்துக்கு நேரே கேட்பார் என்று எழுதினார்.