மலைநாட்டில் முருகைக்கல் தொட்டி: விளக்குத் தேடிய பதினெட்டு மாதங்கள்

ஹட்டனில் வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன் என்றால், உப்புத் தண்ணீருக்கு எங்கே போகிறீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு விடை எளிது. கொழும்பிலிருந்து பொதியாக வரும் செயற்கைக் கடலுப்பை, ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற கணக்கில், வடிகட்டிய நீரில் கரைத்து, சாரடர்த்தி 1.025 வரும்வரை சரிபார்த்துக்கொள்கிறேன். உண்மையில் என்னைப் பதினெட்டு மாதங்கள் அலைக்கழித்தது விளக்கு. நான்கு வகை விளக்குகளை மாற்றி, லெதர் கோரல் என்னும் முருகை ஒன்றைச் சாகும் தறுவாய்க்குக் கொண்டுபோய், மின்பட்டியலைப் பார்த்து மலைத்த பின்னரே இப்போதைய நிலைக்கு வந்திருக்கிறேன். குளிர் ஊரில் இதே முயற்சியில் இறங்குபவருக்கு உதவட்டும் என்று நாட்குறிப்பிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம், கற்கள் போக ஏறத்தாழ 150 லீற்றர் நீர் பிடிக்கிறது. உள்ளே இருப்பவை எல்லாம் மென்முருகைகளும் அவற்றையொத்தவையும்தான்: ஒரு லெதர் கோரல், இரண்டு நிற சோவாந்திட், மஷ்ரூம் எனப்படும் தட்டையான முருகைகள் சில, பச்சை ஸ்டார் பொலிப். கடலிலிருந்து முருகைக்கல்லைப் பெயர்த்தெடுப்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே கொழும்பில் பல ஆண்டுகளாகத் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தம் தொட்டியிலேயே வளர்ந்த தாய்த்துண்டுகளிலிருந்து வெட்டிக் கொடுத்தவற்றையே வளர்க்கிறேன்.

முருகையின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்னும் ஒற்றைக்கல அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பின்மூலம் ஆக்கும் உணவில் பெரும்பங்கு முருகைக்கே போய்ச் சேர்கிறது. சில இனங்கள் தமக்கு வேண்டிய சக்தியில் 90 வீதம்வரைகூட இவ்வாறு பெறுகின்றன. கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீற்றர் ஆழத்திலேயே விழுங்கிவிடுவதால், அதற்குக் கீழே வாழும் இந்த அல்காக்கள் 420 முதல் 480 நனோமீற்றர் வரையான நீல ஒளியைப் பயன்படுத்தப் பழகியவை. இதை வகுப்பில் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். ஆனாலும் விளக்கு வாங்கும்போது கடைக்காரர் ஏற்றிக் காட்டியதும் கண் கூசியதால், 'இது போதும்' என்று நினைத்துவிட்டேன்.

முதல் விளக்கு, ஹட்டன் நகரில் வாங்கிய இரண்டு வெள்ளை எல்.ஈ.டி. டியூப்கள். வரவேற்பறை முழுவதும் வெளிச்சமாயிற்று. மீன்கள் அழகாகத் தெரிந்தன. ஐந்தாவது வாரத்தில் சோவாந்திட்டுகளின் தண்டு நீண்டு, ஒவ்வொன்றும் கூட்டத்தில் எட்டிப் பார்க்கும் பிள்ளையைப்போல் மேலே எக்கி நின்றது. வளர்ச்சி என்று மகிழ்ந்து படமெடுத்து நண்பருக்கு அனுப்பினேன். ஒளி போதாமல் கழுத்தை நீட்டுகிறது என்று அவர் பதில் எழுதினார். ஒளி போதுமான இடத்தில் சோவாந்திட் பாய் விரித்ததுபோல் கல்லோடு ஒட்டிப் படரும்.

அடுத்து வந்தது மெட்டல் ஹேலைட் என்னும் கடும் வெளிச்ச விளக்கு, பழையது, 250 வாட். தொட்டியைக் கைவிட்ட ஒருவரிடமிருந்து மலிவாகக் கிடைத்தது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கொழும்பு அனுபவமும் மலைநாட்டு அனுபவமும் பிரிவது இங்கேதான். கரையோரத்தில் இருப்பவர்களுக்கு ஹேலைட்டின் வெப்பம் பெரும் தொல்லை. நீரைக் குளிர்விக்க சில்லர் வேண்டும், அதுவும் தன் பங்குக்கு மின்சாரத்தைத் தின்னும். எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது. தை மாத இரவுகளில் அறைக்குள்ளேயே 15 பாகை செல்சியஸ் காட்டும். முருகைகளுக்கு வேண்டியதோ 24 முதல் 26 பாகை வரையான வெப்பநிலை. ஆகவே எனக்குத் தேவை ஹீற்றர். விளக்கின் வெப்பம் இலவசமாகக் கிடைக்கும் ஹீற்றர்தானே என்று நான் போட்ட கணக்கு, காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது.

நடந்தது வேறு. பகல் எட்டு மணித்தியாலமும் விளக்கு எரிந்து முடியும்போது நீர் 27 பாகையைத் தாண்டியது. அணைந்த பின்னர் இரவில் ஹீற்றர் ஈடுகொடுக்க முடியாமல் 23 பாகைக்கு இறங்கியது. ஒவ்வொரு நாளும் நான்கு பாகை ஏற்ற இறக்கம் என்பது முருகைக்கு நல்லதல்ல. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாலஸ்டின் இழப்பைச் சேர்க்காமலே விளக்குக்கு மட்டும் நாளொன்றுக்கு இரண்டு அலகு, மாதத்துக்கு 60 அலகு. நம் மின்கட்டணம் அலகு கூடக் கூட வீதமும் ஏறும் முறையில் அமைந்திருப்பதால், அந்த 60 அலகு வீட்டின் மற்றப் பாவனைக்குமேல் போய் உட்கார்ந்து, முழுப் பட்டியலையும் அடுத்த படிக்குத் தூக்கிவிட்டது. வீட்டில் நடந்த உரையாடலை இங்கே எழுத வேண்டியதில்லை. அந்த ஒளியின் அழகை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரே புள்ளியிலிருந்து வரும் ஒளி நீரலையில் உடைந்து மணலில் ஓடும்போது, நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவின் ஆழமில்லாத கடலில் முகமூடி அணிந்து பார்த்த காட்சியே நினைவுக்கு வந்தது.

அடுத்து வாங்கிய டி-5 என்னும் மெல்லிய ஃபுளோரசன்ட் டியூப்களில் அதிக நாள் நிற்கவில்லை. 39 வாட் டியூப் நான்கு, இரண்டு நீலம், இரண்டு வெள்ளை. ஒளி மூலை முடுக்கெல்லாம் சமமாகப் பரவியது. நிழலே விழாத அந்த ஒளியில் மென்முருகைகள் நன்றாகவே இருந்தன. ஆனால் அந்த டியூப்கள் எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டுக்குள் அவற்றின் செறிவு குறைந்து நிறமும் மாறிவிடுவதால், ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடல் தொட்டிக்கான நீல டியூப் மலைநாட்டில் கிடைக்காது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த பொதியைத் திறந்தபோது நான்கில் ஒன்று உடைந்திருந்தது. கிடைக்கும் இடத்தில் வசிப்பவர்கள் இன்றும் டி-5-ஐத் தேர்வு செய்வதில் தவறில்லை என்பதே என் எண்ணம்.

பத்தாவது மாதம் எல்.ஈ.டி. வாங்கினேன். நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய இரண்டு விளக்குகள், சேர்த்து 110 வாட். பெரும்பங்கு நீலம் என்பதால் டியூப்புடன் ஒப்பிடும்போது மங்கலாகவே தோன்றியது. கைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் செயலியும் அதையே சொன்னது: முதலில் வாங்கிய வெள்ளை டியூப்பின் கீழ் 9,000 லக்ஸ், இதன் கீழ் 4,000 லக்ஸ். ஆகவே இரண்டையும் நூறு வீதத்துக்கு உயர்த்தி, நீர்மட்டத்திலிருந்து 20 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டேன்.

நான்காம் நாள் லெதர் கோரல் தன் நுண்கைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. லெதர் கோரல் அவ்வப்போது இப்படிச் சுருங்கி, மேலே மெழுகுபோல் ஒரு படலம் உருவாகி, அதை உரித்துப் போட்டுவிட்டு மீண்டும் மலர்வது வழக்கம்தான் என்பதால் பொறுத்திருந்தேன். ஆனால் படலம் எதுவும் உரியவில்லை. காளான் குடைபோன்ற மேற்பகுதியின் நடுவில் பழுப்பு நிறம் வெளுத்து, எட்டாம் நாள் ஐந்து ரூபாக் குத்தியளவு வட்டம் பால் வெள்ளையாகிவிட்டது. மஷ்ரூம்களின் ஓரங்களும் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. ஒளி போதாமல்தான் இப்படி ஆகிறது என்று நினைத்து, விளக்கு எரியும் நேரத்தை இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்டினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிழையைக் கண்டுபிடித்தவர் அம்மா. தோட்டத்தில் தேயிலைத் தவறணையில் பல வருடம் வேலை செய்தவர். பள்ளிக்கூடத்திலிருந்து நான் வந்தபோது தொட்டியின் முன்னால் குந்தியிருந்து அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புது லைட்டு போட்டதுக்கு அப்புறந்தானே இப்புடி? நெழல ஒரேயடியா பிரிச்சிட்டியா? கன்னு கருகாம என்ன செய்யும்?" என்றார். தவறணையில் நட்ட தேயிலைத் தண்டு வேர் பிடிக்கும்வரை அடர்ந்த நிழலில் இருக்கும். பிறகு கூரைமேல் போட்ட பன்னங்களை வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் கன்றை வெயிலுக்குப் பழக்குவார்கள். முருகைக்குள்ளிருக்கும் அல்காவுக்கும் அதே நிலைமைதான். பழக்கமில்லாத அளவு ஒளி விழுந்தால் ஒளித்தொகுப்பு நிலைகுலைந்து, கலத்தைச் சிதைக்கும் ஒட்சிசன் மூலிகங்கள் பெருகுகின்றன. முருகை அந்த அல்காக்களை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகிறது. 1998-இல் கடல் சூடேறி தென்கரையில் ஹிக்கடுவையின் முருகைப் பாறைகள் வெளிறியபோது வெப்பம் செய்த வேலையை, என் தொட்டியில் விளக்கு செய்திருக்கிறது.

அன்று மாலையே விளக்கை 30 வீதத்துக்குக் குறைத்து, லெதர் கோரலுக்கு மேலே நுளம்பு வலைத் துணியை மூன்று மடிப்பாக மடித்துக் கட்டினேன். அடுத்த வாரம், பயிர் ஆராய்ச்சியில் பணிபுரியும் நண்பரிடம் 'பார்' (PAR) அளவியை இரவல் வாங்கினேன். இது ஒளித்தொகுப்புக்குப் பயன்படும் 400 முதல் 700 நனோமீற்றர் வரையான ஒளியை, ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்று எண்ணிச் சொல்லும். லக்ஸ் அளவி மனிதக் கண்ணின் இயல்பைப் பின்பற்றிப் பச்சைக்கு அதிக மதிப்பும் நீலத்துக்கு மிகக் குறைந்த மதிப்பும் கொடுக்கிறது. அதே இடத்தில் மீண்டும் அளந்தேன்: 9,000 லக்ஸ் காட்டிய வெள்ளை டியூப்பின் கீழ் 130, எல்.ஈ.டி. நூறு வீதத்தில் எரியும்போது லெதர் கோரல் இருந்த கல்லின் உச்சியில் 410. மென்முருகைக்கு 50 முதல் 150 வரை போதும். 200-க்கு மேல் கேட்பவை கிளைவிடும் வன்முருகைகள். கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த விளக்கினால்தான் அந்த முருகையை வறுத்திருக்கிறேன்.

கருவி கையிலிருந்த மூன்று நாளும் கண்டதையெல்லாம் அளந்தேன். முற்றத்தில் தெளிந்த நண்பகலில் 1,900. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்த பத்து நிமிடத்தில் 300-க்குக் கீழே இறங்கியது. தொட்டிக்கு மேல் போட்டிருந்த கண்ணாடி மூடியில் உப்புத் துளிகள் காய்ந்து படிந்திருந்தபோது 118, அதே மூடியைத் துடைத்தபின் 150. அன்றிலிருந்து ஞாயிறு தோறும் முதல் வேலை மூடி துடைப்பது. விளக்கின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாடும் அதிர்ச்சியாக இருந்தது. லென்ஸ் குறுகிய கோணமுடையதாகையால் நேர்கீழே 410 இருந்த வேளையில், ஒரு சாண் தள்ளி 90 மட்டுமே. விளக்கை 20 செ.மீ. உயரத்திலிருந்து 32 செ.மீ. உயரத்துக்குத் தூக்கியதும் நடுவில் குறைந்து ஓரத்தில் கூடியது. தொங்கவிடும் கம்பியை நீட்டவும் குறைக்கவும் முடியாத விளக்கை இனி வாங்கமாட்டேன்.

இப்போது நீலம் 50 வீதம், வெள்ளை 15 வீதம். காலை பத்து மணிக்கு மெல்ல ஏறி, பன்னிரண்டிலிருந்து ஆறுவரை நிலையாக நின்று, இரவு எட்டுக்கு அணைகிறது. கல்லின் உச்சியில் 140, நடுவில் 95, மஷ்ரூம்கள் இருக்கும் அடித்தளத்தில் 50. வெள்ளையைக் கூட்டினால் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் கண்ணாடியில் பாசி வேகமாகப் படிகிறது. கடைசி அரைமணி நேரம் நீலம் மட்டும் எரியும்போது ஸ்டார் பொலிப் பச்சையாக ஒளிர்வதைப் பார்க்க மாணவர்கள் சிலர் வருவதுண்டு. நீல ஒளியை விழுங்கிப் பச்சையாகத் திருப்பி அனுப்பும் புரதங்கள் செய்யும் வேலை அது. ஜெலிமீனிலிருந்து அத்தகைய புரதத்தைப் பிரித்தெடுத்த ஒசாமு ஷிமோமுரா 2008-இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார், நீல எல்.ஈ.டி.யை உருவாக்கிய மூவருக்கு 2014-இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பாடப்புத்தகத்தில் வெவ்வேறு அத்தியாயங்களில் வரும் இரண்டும் எங்கள் வரவேற்பறையில் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

செலவைப் பொறுத்தவரை, விளக்குக்கு இப்போது மாதம் ஏறத்தாழ 15 அலகுதான். ஆனால் ஹேலைட்டின் வெப்பம் போய்விட்டதால் ஹீற்றர் முன்பைவிடக் கூடுதல் நேரம் எரிகிறது. ஆகவே கொழும்பு நண்பருக்குக் கிடைத்த அளவு மிச்சம் எனக்குக் கிடைக்கவில்லை. தொட்டியின் பின்புறமும் பக்கங்களும் ரெஜிபோம் தகடு ஒட்டியபின் அது ஓரளவு குறைந்தது. வெப்பநிலை இரவும் பகலும் 25-ஐச் சுற்றி அரைப் பாகைக்குள் நிற்கிறது. எனக்கு அதுவே பெரிய இலாபம்.

ஒக்டோபர் இடிமழையில் ஒரு விளக்கின் மின்வழங்கி எரிந்துபோயிற்று. மாற்று வர பதினொரு நாள் ஆயிற்று. அதுவரை தொட்டியின் வலப்பாதி அரை இருட்டில் இருந்தது. முருகைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் தடைப்பட்டாலும் இப்படித்தான். ஓரிரு நாள் ஒளியில்லாவிட்டால் அவை தாங்கிக்கொள்ளும். நீரோட்டம் நின்றால் ஒட்சிசன் குறைந்து சில மணித்தியாலங்களிலேயே ஆபத்து. ஆகவே என்னிடமுள்ள சிறிய பற்றரி, நீரோட்ட மோட்டருக்கு மட்டுமே. விளக்கை அதில் இணைக்கவில்லை. இடி முழங்கினால் விளக்கின் செருகியைப் பிடுங்கிவிடுவது இப்போது அம்மாவின் பொறுப்பு.

வெளிறிய வட்டம் பழுப்பு நிறத்துக்குத் திரும்ப இரண்டரை மாதங்கள் ஆயின. சென்ற மாதம் லெதர் கோரலின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, சிறு கல்லில் ரப்பர் வளையத்தால் மெதுவாகக் கட்டி, பாறையின் நிழல் பக்கம் வைத்தேன். அது கல்லைப் பற்றிக்கொண்டது. சென்ற ஞாயிறு அதை நடுத்தட்டுக்கு மாற்றி, மேலே இரண்டு மடிப்பு வலை கட்டியிருக்கிறேன். முதல் மடிப்பை எப்போது எடுப்பது என்று கேட்டதற்கு, இன்னும் பத்து நாள் போகட்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.