சூரியனின் ஏற்ற இறக்கமும் துருவக் குளிர்காலமும்

சூரியனிலிருந்து பூமிக்கு வந்து சேரும் ஆற்றல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1361 வாட். பதினோரு ஆண்டுச் சுழற்சியில் சூரியப் புள்ளிகள், அதாவது சூரியன்மீது தோன்றும் கரும்புள்ளிகள், பெருகினாலும் அருகினாலும் இந்த அளவு மாறுவதென்னவோ 0.1 சதவீதம்தான். இந்தச் சிறு வேறுபாட்டை வைத்துக்கொண்டு உலகத்தின் தட்பவெப்பத்தையே சூரியன் ஆட்டிவைக்கிறது என்று சொன்னால் கணக்கு உதைக்கும். ஆனாலும் துருவப் பகுதிகளின் குளிர்காலத்தில், அதுவும் சூரியன் எட்டிப்பார்க்காத இருட்டு மாதங்களில், அந்த ஏற்ற இறக்கம் தடம் பதிக்கிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

கேப் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு டர்பனிலிருந்து மாமா முறையில் ஒரு பெரியவர் அவ்வப்போது வருவார். புவி வெப்பமயமாதல் பற்றிப் பேச்செடுத்தாலே, "எல்லாம் சூரியன் பார்க்கிற வேலை தம்பி, நம்ம கையில என்ன இருக்கு?" என்று முடித்துவிடுவார். சாப்பாட்டுக்கு நடுவே அவருக்கு விளக்கிச் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மொத்த ஒளி அதிகம் மாறாவிட்டாலும் அதிலுள்ள புற ஊதாக் கதிர், குறிப்பாக 200 நானோமீட்டரை ஒட்டிய பகுதி, சுழற்சியின் உச்சத்தில் பல சதவீதம் கூடுகிறது. அதை உறிஞ்சுவது ஓசோன் என்பதால், முதலில் சூடேறுவது வெப்பமண்டலத்துக்கு மேலே 40 முதல் 50 கி.மீ. உயரத்தில் உள்ள காற்றுதான். அங்கே வெப்பம் கூடும்போது, இருண்டு கிடக்கும் துருவ வானுக்கும் அதற்கும் இடையிலான வேறுபாடு கூடி, மேற்கிலிருந்து கிழக்காகத் துருவத்தைச் சுற்றி வீசும் மேலைக் காற்று வலுக்கிறது. துருவச் சுழல் என்பது இந்தக் காற்று வளையம்தான். வேகமாகச் சுற்றும் பம்பரம் நின்ற இடத்தில் நிற்பதுபோல, வலுத்த சுழல் குளிரைத் துருவத்துக்குள்ளேயே பிடித்துவைக்கும்; வேகம் குறைந்தால் தள்ளாடும், குளிரும் வெளியே வழியும். 1987-இல் பெர்லினைச் சேர்ந்த வானிலை ஆய்வாளர் கரின் லாபிட்ஸ்கே, நிலநடுக்கோட்டு மேல்வானில் ஏறத்தாழ 28 மாதங்களுக்கு ஒரு சுற்றாகக் கிழக்கும் மேற்குமாகத் திசைமாறும் காற்றைக் கொண்டு வடதுருவக் குளிர்காலங்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தார். ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது பிடிபடாத சூரியத் தொடர்பு அப்படிப் பிரித்த பிறகே தெரிய வந்தது.

எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றுவது இரண்டாவது வழி. அதில் வேலை செய்வது ஒளி அன்று, துகள். சூரியனிலிருந்து ஓயாமல் வெளியேறும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும்போது எலக்ட்ரான்களும், பெரும் வெடிப்புகளின்போது புரோட்டான்களும் துருவங்களை ஒட்டிய வானில் கொட்டுகின்றன. அவை 80, 100 கி.மீ. உயரங்களில் நைட்ரஜன் மூலக்கூறுகளை உடைக்க, நைட்ரிக் ஆக்சைடு உருவாகிறது. பகல் வெளிச்சத்தில் அது விரைவிலேயே சிதைந்துபோகும். துருவ இரவிலோ அதைச் சிதைக்க ஒளி இல்லை. ஆகவே வாரக்கணக்கில் நிலைத்து, சுழலுக்குள் மெல்லக் கீழிறங்கும் காற்றோடு சேர்ந்து 40 கி.மீ. உயரம்வரை வந்து, அங்குள்ள ஓசோனை அழிக்கத் தொடங்குகிறது. ஓசோன் குறைந்தால் அந்த அடுக்கின் வெப்பநிலை மாறும். வெப்பநிலை மாறினால் சுழலின் வலுவும் மாறும். 2003 அக்டோபர் இறுதியில் வீசிய சூரியப் புயல்களைத் தொடர்ந்து துருவ மேல்வானில் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகியதையும் ஓசோன் சரிந்ததையும் செயற்கைக்கோள்கள் நேரடியாகவே பதிவு செய்தன. அந்த ஆண்டு சூரியப் புள்ளிகளின் உச்சம் தாண்டி, சுழற்சி இறங்குமுகத்தில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். காந்தக் கொந்தளிப்பு பெரும்பாலும் இந்த இறங்குமுகத்தில்தான் மிகும். எனவே புள்ளிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர் துருவத்தில் நடப்பதைத் தவறவிடுவார்.

இந்தக் கொந்தளிப்பை அளக்கும் இடங்களில் ஒன்று எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 1932-இல் தொடங்கிய காந்த அளவீடு, ரயில் பாதைகள் மின்மயமானதால் கருவிகள் தடுமாறியதை முன்னிட்டு, 1941-இல் கடற்கரை ஊரான ஹெர்மனஸுக்குக் குடிபெயர்ந்தது. உலகக் காந்தப் புயல்களின் வலிமையைக் குறிக்கும் குறியீட்டெண், ஹெர்மனஸ் உள்ளிட்ட நான்கே நிலையங்களின் அளவீடுகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. திமிங்கிலம் பார்க்க அந்த ஊருக்குக் கூட்டம் கூட்டமாகப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். கேப் டவுன் துறைமுகத்திலிருந்து அகுலாஸ் 2 கப்பல் போய்ச் சேரும் அண்டார்க்டிக்காவில், வெஸ்லஸ்கார்வெட் பாறை முகட்டின்மீது தென்னாப்பிரிக்காவின் சனாயே 4 நிலையம் நிற்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் உதிக்காத அந்த இடத்திலிருந்து ரேடார் ஒன்று மேல்வானின் அசைவுகளைப் பதிவு செய்துவருகிறது.

தரையில் என்ன தெரிகிறது? 2009-இல் ஆன்னிகா செப்பாலாவும் உடன் ஆய்வாளர்களும், காந்தக் கொந்தளிப்பு மிகுந்த குளிர்காலங்களையும் அடங்கிய குளிர்காலங்களையும் ஒப்பிட்டபோது, துருவப் பகுதிகளில் சில இடங்களில் தரை வெப்பநிலை 4 டிகிரிக்கு மேல் கூடியும் வேறு சில இடங்களில் அதே அளவு குறைந்தும் இருக்கக் கண்டார்கள். வடக்கில் சுழல் வலுத்தால் வடக்கு ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குளிர் தணியும். கிரீன்லாந்திலும் வடகிழக்குக் கனடாவிலும் கடுக்கும். வெப்பம் இடம் மாறுகிறதே தவிர மொத்தத்தில் பெருகுவதில்லை. உலகச் சராசரி எடுத்தால் கூட்டலும் கழித்தலும் பெரும்பாலும் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

மாமாவின் வாதம் இடறுவது இங்கேதான். 2014-இல் உச்சம் தொட்ட 24-ஆம் சூரியச் சுழற்சி ஒரு நூற்றாண்டில் மிகவும் மெலிந்தது. ஆர்க்டிக் பகுதியோ 1979 முதல் உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறி வந்திருக்கிறது. மேலும், சூரியன்தான் காரணம் என்றால் மேல்வானும் சேர்ந்து சூடேற வேண்டும். அது குளிர்ந்துகொண்டே வருகிறது. கரியமில வாயு கூடினால் அப்படித்தான் ஆகும்.

தென்துருவத்தில் இந்தத் தடத்தைப் பிரித்தெடுப்பது கடினம். சுழலை உலுக்கும் பெரிய நிலப்பரப்புகளும் மலைத்தொடர்களும் இங்கே குறைவு என்பதால், அது இயல்பிலேயே வலுவானது, எளிதில் அசையாது. போதாக்குறைக்கு ஓசோன் துளை வேறு. சுழலை ஒட்டிய மேலைக் காற்று தெற்கே ஒதுங்கும் குளிர்காலங்களில் கேப்புக்கு மழை கொண்டுவரும் குளிர் முகப்புகளும் விலகிப்போகும். 2015 முதல் 2018 வரை வறட்சியில் வாளி வைத்துக் குளித்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். அந்த வறட்சிக்குச் சூரியனைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: மேல் அடுக்கில் ஓசோனை அழிக்கும் நைட்ரஜன் ஆக்சைடு, கீழ் அடுக்கில் குளோரினோடு பிணைந்து அதன் கையைக் கட்டிவிடுகிறது, அதாவது அங்கே ஓசோனுக்குக் காவலாக நிற்கிறது. அண்டார்க்டிக்காவின் ஓசோன் 2066 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. குளோரின் குறையக் குறைய அந்தக் காவலுக்கும் வேலை குறைந்துவிடும்.