பாதி பொமரேனியன், மீதி எங்கள் தெரு

எங்கள் நாய்க்குட்டி மணிக்கு அம்மா பொமரேனியன், அப்பா தெருவில் யாரோ. “கிராஸ் குட்டிக்கெல்லாம் பழக்கம் வராதுங்க” என்றார் பக்கத்து வீட்டு மாமா. சும்மா பேச்சு. எதைச் செய்தால் தின்னக் கிடைக்கும் என்பது எந்தக் குட்டிக்கும் தெரியும்.

முதல் வேலை மூத்திரம்தான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விட வேண்டும், ஏனென்றால் 2 மாதக் குட்டியால் அதிக நேரம் அடக்க முடியாது, தரையை மோந்துகொண்டே வட்டம் போட ஆரம்பித்தால் அவ்வளவுதான், ஓடணும். மூத்திரம் போன உடனே, அங்கேயே, உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஒரு துணுக்கு. உள்ளே வந்து கொடுத்தால் ஃபிரிட்ஜுக்குத்தான் நன்றி சொல்லும். வீட்டுக்குள் மூத்திரம் போய்விட்டால் மூக்கை அதில் தேய்க்கிற பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம், அடுத்த தடவை சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும், அவ்வளவுதான் பலன்.

கடி தனிக் கதை. பால்பல் ஊசி மாதிரி, அதுவும் 4 மாத வாக்கில் விழ ஆரம்பிக்கும்வரை பொறுக்கணும். ஈரத்துணியை முறுக்கி ஃபிரீசரில் வைத்துக் கொடுக்கிறேன். கையைக் கடித்தால் கத்துவதில்லை, எழுந்து போய்விடுகிறேன். விளையாட்டு நின்றுபோவதுதான் அதற்குப் பெரிய தண்டனை.

பார்வோ என்கிற, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்க்குப் பயந்து தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்கவில்லை. அதற்காக அடைத்தும் வைக்கவில்லை, தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ, ஹெல்மெட் போட்டவர், குப்பை வண்டி எல்லாம் காட்டினேன். அப்புறம், “உட்கார்” இப்போது பிரமாதமாக வருகிறது. “வா” என்றால் மட்டும் காது கேட்பதில்லை.