பலகையில் யாருடைய பெயர்?

பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில், பழைய வாசகசாலை இருந்த இடத்தில் இரண்டு தளங்களுடன் ஒரு நூலகக் கட்டடம் எழும்பியிருக்கிறது. எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்து, வடக்கு எல்லையில் கண்ணிவெடி அகற்றும் பணியின்போது உயிரிழந்த இளைஞர் ஒருவரின் பெயரை அதற்கு வைக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் விண்ணப்பித்து, ஒப்புதலும் பெற்றுவிட்டது. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பலகை திறக்கப்படும் நாளுக்கு முன்னால் மகனின் பெயர் இணையத்தில் உலவுவதை அவருடைய தாயார் விரும்பவில்லை. பெயரைப் பற்றியே எழுதும் பதிவில் பெயர் இல்லாமல் போவது வேடிக்கைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் கிடைக்கும் வரை எல்லோரும் ஒரே மனதாக இருந்தோம். பலகையின் வாசகத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. சங்கத்தில் ஒருவர் தயாரித்துக் கொண்டுவந்த வரைவில் படைப்பதவி, அதன்பின் ஒரே ஒரு பெயர், அதன்பின் ‘நினைவு நூலகம்’ என்று இருந்தது. அந்த ஒரே பெயர் இறந்தவருடையது அன்று, அவருடைய தந்தையுடையது. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தாக மட்டும் இருந்த தந்தை பெயர், படையில் சேரும்போது படிவத்துக்காக விரிக்கப்பட்டு மகன் பெயருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. கடைசியில் வருவதுதான் குடும்பப்பெயர் என்று பழகிய கண்ணுக்கு, சுருக்கும்போது மிஞ்சுவது அந்தக் கடைசிச் சொல்தான். அந்த வரைவை அப்படியே செதுக்கியிருந்தால், வாழ்நாள் முழுவதும் எம்.இ.ஜி. (இராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு) மையத்துக்கு அருகில் தையல் கடை வைத்திருந்து, ஒருநாளும் தாம் சீருடை அணியாத ஒரு நல்ல மனிதரின் பெயரில் நூலகம் நின்றிருக்கும்.

தென்னாட்டுப் பெயர்களுக்கு இது பொதுவான விபத்து. 2008 நவம்பர் 28 அன்று மும்பை தாஜ் ஓட்டலில் உயிர்நீத்த தேசியப் பாதுகாப்புப் படையின் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் பெங்களூரில் வளர்ந்தவர்; யெலஹங்கா பக்கம் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பலகையில் முழுப்பெயர் சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சாலையை யாராவது ‘உன்னிகிருஷ்ணன் ரோடு’ என்று சுருக்கினால், அது அவருடைய தந்தையின் பெயர். 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் வீழ்ந்து அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் பெயரிலும் இதே நிலைதான். மும்பையில் பிறந்த தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் இறந்து பரம்வீர் சக்கரம் பெற்றவர். அவருக்குத் தந்தை பெயர் முன்னால் நின்றதால், சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் அணிவகுப்புத் திடல் ‘பரமேஸ்வரன்’ என்று சரியாகவே வழங்குகிறது. 1999 மே 29 அன்று கார்கில் போரில் படாலிக்கில் வீழ்ந்த மேஜர் மாரியப்பன் சரவணனுக்கும் அப்படியே. தந்தை பெயர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து யார் நினைவுகூரப்படுகிறார் என்பது மாறிவிடுவது, யோசித்துப் பார்த்தால் சற்று அச்சமாகவே இருக்கிறது.

இந்த ஊருக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு என்பதால்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். பேகூரில் நாகேசுவரர் கோயிலில் சுமார் 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பழங்கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. ‘பெங்களூரு’ என்ற ஊர்ப்பெயர் கல்லில் காணப்படும் மிகப் பழைய இடம் அதுதான். அதில் இருப்பது வரிக்கணக்கோ கோயில் நன்கொடையோ அன்று, பெங்களூருப் போரில் மடிந்தவர்களைப் பற்றிய செய்தி. ஹெப்பாளில் 2018-இல் வடிகாலுக்குத் தோண்டியபோது வெளிப்பட்ட சுமார் 750-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லும், தன் நாட்டின்மீது வந்த படையெடுப்பை எதிர்த்து இறந்த கித்தய்யா என்பவனுக்காக எழுப்பப்பட்ட வீரக்கல்தான். அவன் யார், எதற்காக இறந்தான் என்பதை ஏறத்தாழ 1,270 ஆண்டுகள் கழித்தும் ஒருவர் படித்துச் சொல்ல முடிகிறது. அகநானூற்றில் நடுகல்லைச் சொல்லும் இடத்தில் ‘பெயரும் பீடும் எழுதி’ என்று வருகிறது. பெயரோடு நிறுத்தாமல் பீட்டையும், அதாவது அவன் செய்ததையும், எழுதினார்கள். நாமோ பீட்டை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதுகிறோம். பிறகு அந்தப் பெயரையும் தலைப்பெழுத்துகளாகக் குறுக்கிப் பேருந்து நிறுத்தமாக்கிவிடுகிறோம்.

அமெரிக்காவில் ஓர் அஞ்சலகக் கட்டடத்துக்கு இறந்த படைவீரர் பெயரை வைக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தனிச் சட்டமே இயற்றி, குடியரசுத் தலைவர் கையொப்பமிட வேண்டும். கட்டடம் இனி என்ன பெயரால் அறியப்படும் என்பது அந்தச் சட்டத்திலேயே, பெரும்பாலும் படைப்பதவியும் முழுப்பெயருமாக, மேற்கோள் குறிக்குள் எழுதப்படுகிறது. இத்தனைக்கும் பிறகு மக்கள் எழுதும் முகவரி மாறுவதில்லை. அஞ்சலகத்தின் உள்ளே ஒரு பெயர்த்தகடு பதிக்கப்படும், அவ்வளவுதான். ஒரு தகட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று முன்பு சிரித்திருக்கிறேன். எங்கள் வரைவைப் பார்த்தபின் சிரிப்பு வரவில்லை.

அடுத்த தகராறு ‘தியாகி’ என்ற சொல்லைப் பற்றியது. அதைப் பெயருக்கு முன்னால் போட வேண்டும் என்று இருவர் பிடிவாதமாக இருந்தார்கள். நம் அரசின் படைப்பதிவேடுகளில் ‘தியாகி’, ‘ஷஹீத்’ போன்ற பட்டங்களே கிடையாது. பாதுகாப்பு அமைச்சகம் 2017-இல் மத்திய தகவல் ஆணையத்திடம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனக்கும் அந்தச் சொல் வேண்டாம் என்றே பட்டது. என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள அது வழிசெய்துவிடும் என்பதுதான் என் குறை. ‘தமக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பாதை அமைக்கக் கண்ணிவெடிகளை அகற்றியபோது இறந்தார்’ என்று எழுதினால், நூலகத்துக்கு வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

இங்கே ஒரு கிளைக்கதை. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றும் வழங்கும் எம்.இ.ஜி. வீரர்களை இராணுவத்தில் செல்லமாகத் ‘தம்பி’ என்றுதான் அழைப்பார்கள். அல்சூர் ஏரிக்கரை மையத்தில் பயிற்சி பெற்றவர், எந்த மொழி பேசினாலும், தம்பிதான். அந்தத் தம்பிகளில் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் ஒரு கண்ணிவெடியின்மீது தாமே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்ற முதல் இந்தியர் அவர். எங்கள் கூட்டத்தில் இருந்த பதினொரு பேரில் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் நான் இல்லை. அன்று இரவுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மொழியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பலகை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இந்த ஊரில் அதுவே முறை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தாயாருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். உள்ளே வைக்கும் கல்லில் இரண்டு வரி தமிழில் சேர்க்கலாமா என்று கேட்க நான் வாயெடுத்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் என் முழங்கையைத் தொட்டு, கண்ணால் ஏரிப் பக்கம் காட்டினார். ஏரிக்கு அருகே திருவள்ளுவர் சிலை நிற்கிறது. 1991-இல் நிறுவப்பட்டும் மொழிச் சச்சரவால் துணியால் மூடப்பட்டே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள். அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது, பேசாமல் இருந்துவிட்டேன். அது சரியா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

திருத்திய வரைவை எடுத்துக்கொண்டு மறுநாள் மாலை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். கன்னட வாசகத்தைச் சங்கச் செயலாளர் படிக்க, நான் தமிழில் சொன்னேன். தந்தையின் முழுப்பெயர் வேண்டாம், பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் அவன் எழுதியதுபோல ஒரே ஓர் எழுத்து முன்னால் இருந்தால் போதும் என்றார். பிறகு, நம்பர் எங்கே என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். மகனுடைய படை எண்ணை, ஒவ்வோர் இலக்கமாக, கடைசியில் வரும் ஆங்கில எழுத்து உட்பட, தடங்கலில்லாமல் சொன்னார். ஓய்வூதியத்துக்காகவும் மற்றவற்றுக்காகவும் அவர் போட்ட ஒவ்வொரு மனுவிலும் பெயருக்கு முன்னால் அந்த எண்ணைத்தான் எழுத வேண்டியிருந்ததாம். தில்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் கருங்கல் பலகைகளிலும் பெயருடன் எண் இருக்கிறது என்று செயலாளர் சொன்னார். சேர்த்துக்கொண்டோம்.

கல் செதுக்குபவர் எழுத்துக் கணக்கில் கூலி கேட்பவர். புதிய வாசகத்தைப் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, முதல் வரைவுக்குச் சொன்ன தொகையைப்போல நான்கு மடங்கு ஆகும் என்றார். எண்களுக்கும் எழுத்துக்கான கூலிதானா என்று கேட்டேன். அதேதான் என்றார்.