யூரின் கசிவுக்கு ஆக்குபேஷனல் தெரபி: மும்பையில் கேஸ் பேப்பர் போடும் முன் படியுங்கள்

யூரின் கசிவுக்கு ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யும் விதத்தை மாற்றிக் கொடுக்கும் சிகிச்சை, தேடிப் போனபோது சோனோகிராபி (ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண் விடுபட்டதால் ஒரு காலைப்பொழுதும் ஒரு நாள் லீவும் வீணாய்ப் போயின. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காக அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

தும்மினால் கசிகிறது, அவசரம் வந்தால் அடக்க முடியவில்லை என்று போனால் யூரின் டெஸ்டும் சோனோகிராபியும் கேட்பார்கள். சோனோகிராபியில் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது ஒருமுறை, போய்விட்டு வந்த உடனே மறுமுறை பார்க்க வேண்டும். உள்ளே எத்தனை மில்லி தங்குகிறது என்பது இரண்டாவது முறைதான் தெரியும். பை காலியாகாமல் நிரம்பி வழிகிறவருக்கு வைத்தியமே வேறு. அவரை அடக்கிப் பழகச் சொன்னால் கெடுதல்தான். சென்டரில் இருந்தவர் முதல் தடவை பார்த்ததோடு "ஹோ கயா" (முடிந்தது) என்று அனுப்பிவிட்டார். டாக்டர் சீட்டிலேயே இதை எழுதி வாங்குங்கள். ஸ்கேன் மேசையை விட்டு இறங்குமுன் மறுபடி கேளுங்கள்.

அடுத்த இடி கவுண்டரில். இந்தியாவின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியை 1950இல் கமலா நிம்ப்கர் தொடங்கியது இதே மும்பையில்தான். ஆனாலும் கேஸ் பேப்பர் (ஆஸ்பத்திரிப் பதிவுத் தாள்) போடுகிறவர், "அது கை அடிபட்டவங்களுக்கு" என்று முதுகுவலி வரிசைக்குத் தள்ளிவிட்டார். டாக்டர் சீட்டில் வெறும் "எக்சர்சைஸ்" என்று இருந்ததும் ஒரு காரணம். துறையின் பெயரும் பிரச்சினையும் முழுதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் இடுப்புத் தளத் தசையை (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை) பார்ப்பதில்லை, பல இடங்களில் இது பிசியோதெரபி பிரிவில் இருக்கும். போனிலேயே விசாரியுங்கள். கதவு சாத்தும் அறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். உள்பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கையோடு 3 நாள் குறிப்பு கொண்டுபோங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மில்லி போனது, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அளவு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு நாளாவது ஆபீஸ் போகும் நாளாக இருக்கட்டும். வீட்டிலிருந்த நாட்களை மட்டும் எழுதினால் லோக்கல் ரயிலில் படும் பாடு அதில் வராது.

இந்தத் தசைக்கான பயிற்சி எல்லோரும் கேள்விப்பட்டதுதான். வாயுவை அடக்குவதுபோல் இழுத்து மேலே தூக்கி, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். 8 தடவை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். பிட்டமும் தொடையும் இறுகினாலோ மூச்சு நின்றாலோ தவறாகச் செய்கிறீர்கள். யூரின் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகவே வேண்டாம். உறவின்போதோ உட்காரும்போதோ வலி இருந்தால் தசை ஏற்கெனவே இறுகியிருக்கலாம். அப்படி வலி உள்ளவர்கள் முதலில் தளர்த்தத்தான் கற்க வேண்டும். யூடியூப் பார்த்துத் தானே தொடங்குவதில் உள்ள ஆபத்து இதுதான்.

ஆக்குபேஷனல் தெரபியின் உண்மையான வேலை இதற்குப் பிறகு. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு உங்கள் ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்பார்கள். சால் வீடுகளில் (வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள மும்பைக் குடியிருப்புகள்) விடிகாலையில் தண்ணீர் வரும். எழுந்ததும் நிறைந்த பையோடு குழாய்க்கு ஓடினால் குடம் தூக்கும்போது கசியாமல் என்ன செய்யும்? முதலில் பாத்ரூம், பிறகு குழாய். 15 லிட்டர் தண்ணீர் 15 கிலோ, அதை இரண்டாகப் பிரியுங்கள். டிரம்முக்கு டியூப் போடுங்கள். குடத்தை இடுப்போடு ஒட்டிப் பிடித்து, தூக்குமுன் தசையை இழுத்து, மூச்சை விட்டபடி தூக்குங்கள். மூச்சைப் பிடித்துத் தூக்கினால் வயிற்றின் அழுத்தம் முழுதும் கீழே இறங்கும். இருமல், தும்மல் வருமுன்னும் அதே இழுப்புதான். அன்றாட வேலையோடு சேர்ந்த இந்த இழுப்பு மறப்பதேயில்லை, தனியாக உட்கார்ந்து செய்யும் பயிற்சிதான் தவறிப்போகிறது.

லோக்கலில் கழிப்பறை கிடையாது என்று காலையில் தண்ணீரையே நிறுத்திவிடும் பெண்கள் ஏராளம். யூரின் அடர்ந்து பையை எரிச்சலூட்டும், மலச்சிக்கலும் சேரும், முக்க முக்கத் தசை தளரும். காபியை ஆபீசுக்குத் தள்ளிவையுங்கள், தண்ணீரை நாள் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள். "எதற்கும் ஒருமுறை" என்று அடிக்கடி போகிறவர்கள் இடைவெளியை 15 நிமிடம் 15 நிமிடமாக நீட்ட வேண்டும். இதற்குக் குறைந்தது 6 வாரம் ஆகும். பிளாட்பாரத்தில் அவசரம் முட்டினால் ஓடாதீர்கள். கம்பியைப் பிடித்து நின்று 5, 6 தடவை சட்சட்டென்று இழுங்கள். அலை தணிந்ததும் நடந்து போங்கள். முதல்முறை அப்படிக் கசியாமல் போய்ச் சேரும்போது வரும் தைரியம் பெரிது.

ஸ்டேஷன் கழிப்பறையில் சீட்டைத் தொடாமல் அரைக்குந்தலில் நிற்பது வழக்கம். அப்போது தசை தளராது, பையில் மிச்சம் தங்கும். துடைத்துவிட்டு உட்காருங்கள், அல்லது இந்திய முறைக் கழிப்பறையில் முழுதாகக் குந்துங்கள். வீட்டில் வெஸ்டர்ன் என்றால் காலுக்கடியில் முக்காலி போட்டு, முட்டி இடுப்பைவிட உயர்ந்திருக்க முன்னால் சாயுங்கள். சுடிதார் நாடா முடிச்சு அவிழாமல் கதவருகே கசிவதுதான் பலருக்குத் தினசரி அவமானம். நாடாவை எடுத்துவிட்டு எலாஸ்டிக் தைத்துக்கொண்டால் போதும்.

யூரினில் ரத்தம், யூரினே போகாமல் நிற்பது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, இவற்றில் எது வந்தாலும் தெரபி தேதிக்குக் காத்திராமல் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். மற்றபடி அடுத்த முறை போகும்போது பழைய கேஸ் பேப்பரை மறக்காதீர்கள். அது இல்லையென்றால் புதுக் கேஸ் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.