ரொறன்ரோவை எந்த வாயால் வாசிப்பது

"அப்ப, கதை சொல்லுறவர் ஆர், தம்பி?"

போனில் அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான். குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஒரு நாவலை ஒலிப்புத்தகமாக வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன்; அதில் வரும் பெயர்களை எப்படிச் சொல்வது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ஈழத்து அம்மா அவர். முடித்த இரண்டு அத்தியாயங்களை அனுப்பியிருந்தேன்; "நல்லா வந்திருக்கு" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அதையும் சொன்னார். அதற்கு அப்புறம்தான் இந்தக் கேள்வி.

நான் செய்திருந்தது இது. நாவல் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் தன் கதையைத் தானே சொல்வது. பாதி பாசையூரில், மீதி கனடாவில். பாத்திரங்கள் பேசும் இடங்களில் ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் அவர்கள் சொல்கிற மாதிரியே சொல்லிவிடுவது. கதை ஓட்டத்தில் வரும்போது நம் பக்கம் கேட்டுப் பழகிய மாதிரி சொல்வது. பேச்சில் ரொறன்ரோ, கதையில் டொராண்டோ. இதைத் தயாரிப்பாளரிடம் சொன்னபோது, "சூப்பர் சார், ரெண்டு பக்கமும் திருப்தி" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"ரெண்டும் ஒரே ஆள்தானே," என்றார் அந்த அம்மா. "வாயைத் திறந்தால் ஒரு மாதிரி, மனசுக்குள்ள யோசிக்கேக்கை இன்னொரு மாதிரியோ?"

"கதை நடை எழுத்துத் தமிழ் இல்லையாம்மா? அதைப் பொதுவா வாசிக்கிறதுதானே முறை" என்றேன்.

"ஓம், அதுவும் சரிதான்" என்றவர், சென்னையில் மழை எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கேள்வியைவிட அந்த 'ஓம், அதுவும் சரிதான்' தான் இன்னும் உறுத்துகிறது. வாதாடியிருந்தால் நானும் வாதாடியிருப்பேன். ஓய்வு பெற்ற ஆசிரியை அவர். ஒரு மாணவன் புரிந்துகொள்ளப் போவதில்லை என்று தெரிந்தால் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அல்லது நிஜமாகவே ஒப்புக்கொண்டாரோ என்னவோ.

இலங்கைத் தமிழ் எழுத்தைப் படித்துப் பழகாதவர்களுக்கு இதில் இருக்கும் சிக்கல் விளங்காது. நாம் டீச்சர் என்று எழுதுவதை அவர்கள் 'ரீச்சர்' என்று எழுதுகிறார்கள். டிவி, 'ரிவி'. டாக்டர், 'டொக்ரர்'. ஆன்ட்டி, 'அன்ரி'. முதன்முதலில் பார்க்கும் தமிழ்நாட்டுக்காரருக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் அவர்கள் யாரும் 'ரீச்சர்' என்பதை ரம்பத்தின் ரகரம் போட்டுச் சொல்வதில்லை. ஆங்கிலக்காரர் டீச்சர் என்னும்போது நாக்கு நுனி மேல் ஈறைத் தட்டும். நம் டகரத்துக்குப் போல உள்ளே மடங்காது, தகரத்துக்குப் போலப் பல்லையும் தொடாது. அந்த ஒலி யாழ்ப்பாணத் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. 'காற்று' என்பதை மலையாளிகள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்தால் பிடிபடும். யாழ்ப்பாணத்தவர் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். நாம் அந்த இடத்தில் ஒரு 'ட்ர' போட்டு உருட்டிவிடுகிறோம். ஆக, ஆங்கில ஒலியைக் கேட்ட அவர்கள் காது ரகர றகரப் பக்கம் போயிற்று, நம் காது டகரத்துக்குப் போயிற்று. யார் எழுதியது சரி என்று கேட்டால், ஒலியை வைத்துப் பார்க்கும்போது அவர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதல்.

தொல்காப்பியத்தின் பிறப்பியலில் றகரத்துக்கும் னகரத்துக்கும் நுனிநாக்கு அண்ணத்தை 'ஒற்ற' வேண்டும் என்றும், ரகரத்துக்கும் ழகரத்துக்கும் 'வருட' வேண்டும் என்றும் இருக்கிறது. பள்ளியில் சின்ன ர, பெரிய ற என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒற்றுவதும் வருடுவதும் ஒன்றல்ல என்று தெரிந்துகொள்ள இந்த வயதில் ஒரு நாவல் வர வேண்டியிருந்தது.

சரி, ரொறன்ரோவுக்கு வருகிறேன். அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்தபோது ஒரு அழகு தெரிந்தது. முதலில் வரும் ரொ, 'டொ'வுக்கு. நடுவில் இருக்கும் ற, ஆங்கில 'ர'வுக்கு. கடைசி ரோ, மறுபடி 'டோ'. அதாவது சொல் முதலில் ரகரம் வந்தால் அது பெரும்பாலும் டகர வகை ஒலி. நிஜமான ரகர ஒலி வேண்டுமென்றால் பெரிய ற போடுகிறார்கள். றஞ்சன், றூபன் என்று பெயர்கள் எழுதுவதும் இப்படித்தான். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். அவரவர் பழக்கத்துக்கு மாற்றியும் எழுதுகிறார்கள். இந்த நாவலிலேயே இரண்டு விதமும் உண்டு.

அதனால்தான் 'ரொனி' என்னைப் படுத்தினான். கதை சொல்பவரின் தம்பி மகன், கனடாவிலேயே பிறந்தவன். இவன் ரோனியா, டோனியா? ரகரத்தில் ஆரம்பிப்பதால் டோனியாக இருக்க வேண்டும். ஆனால் இதே புத்தகத்தில் ரஞ்சினி என்று ஒரு அக்கா வருகிறார், அவர் நிச்சயமாக டஞ்சினி இல்லை. எழுதியவர் இப்போது உயிரோடு இல்லை. பதிப்பகத்தில் கேட்டால், "உங்களுக்கு எது தோணுதோ" என்றார்கள். அவர்களே கொடுத்ததுதான் இந்த அம்மாவின் எண். டொராண்டோவின் ஒரு பகுதியான ஸ்காபரோவில் மகள் வீட்டில் இருக்கிறார், வாட்ஸாப்பில் பேசலாம் என்றார்கள்.

"பாசையூர் ஆக்கள் எல்லோ? அந்தோனியார் கோயிலடி. பிள்ளைக்கு அந்தோனி எண்டு வைச்சிருப்பினம், வீட்டில ரொனி" என்று யோசிக்காமல் சொன்னார். பாசையூர் புனித அந்தோனியார் தேவாலயம் நாவலில் வருகிறது, வாசித்தும் இருக்கிறேன். அதையும் இந்தப் பையனின் பெயரையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பெயரைக் கண்டுபிடிக்க அகராதி உதவாது, அந்த ஊரில் எந்தக் கோயிலுக்கு எந்தத் தெருவிலிருந்து போவார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு பட்டியல் போட்டே கேட்டேன். ஒவ்வொன்றையும் குரல் பதிவாக அனுப்பினார். ஊர்காவற்றுறை என்பதில் 'ற்று' வரும் இடத்தில் நான் உருட்டியதைக் கேட்டுச் சிரித்தார். சாவகச்சேரியின் முதல் சகரத்தை நான் சாமி, சாதம் மாதிரிச் சொல்ல, அவர் பச்சையில் வரும் சகரம் மாதிரி அழுத்திச் சொன்னார். ஆங்கிலத்தில் அந்த ஊர்ப் பெயரை எழுதும் விதமும் அதற்குச் சாட்சி. கோப்பாய், மானிப்பாய், உரும்பிராய் எல்லாம் எளிதாக இருந்தன. கனடாப் பக்கம் மார்க்கம் என்ற ஊர் பார்க்கத் தமிழாகவே இருந்தது. எட்டோபிகோ என்ற இடத்தை ஆங்கில எழுத்தில் பார்த்தால் கடைசியில் ஒரு 'க்' இருக்கும், அதை அங்கே யாரும் சொல்வதில்லையாம். அதைவிட, டொராண்டோவையே அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் இரண்டாவது டகரத்தை விழுங்கி 'டொரானோ' என்கிறார்கள். அவர் பேத்தி அப்படித்தான் சொல்வாளாம். அந்தப் பெயரே மோஹாக் என்ற பூர்வகுடி மக்களுடைய 'ட்கரொண்டோ'விலிருந்து வந்தது, தண்ணீரில் மரங்கள் நிற்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். ஆக, 'அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரி சொல்' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எந்த ஊர்க்காரர்?

இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் நான் அந்த இரண்டாகப் பிரிக்கும் முடிவுக்கு வந்தேன். அலட்சியத்தில் வந்த முடிவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். தயாரிப்பாளர் பக்கமும் நியாயம் இருந்தது. "சார், கோயம்புத்தூர்ல ஒருத்தர் கார் ஓட்டிக்கிட்டே கேக்கிறார். கையில புத்தகம் இல்ல. ஏதோ புது ஊர்னு நினைச்சிடுவார்" என்றார். காதால் மட்டும் கேட்பவருக்குத் திரும்பிப் பார்க்கப் பக்கம் இல்லை. ஒரு பெயர் தடுக்கினால் அடுத்த இரண்டு வாக்கியம் போய்விடும். இது இந்தத் தொழிலில் பாலபாடம்.

சரிபார்ப்பில் ஒரு கூத்து நடந்தது. பதிவைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கேட்பவர், நான் 'ரீச்சர்' என்று ஒழுங்காக ஈறைத் தட்டிச் சொன்ன இடங்களை எல்லாம் பிழை என்று குறித்து அனுப்பினார். காரணம்: 'மூலத்தில் ரீ, வாசிப்பில் டீ.' அவர் வேலையை அவர் சரியாகச் செய்திருந்தார். நான் விளக்கம் எழுதி அனுப்பினேன், தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்டார். அந்த இடங்களில் நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பது நினைவில் இருக்கட்டும்.

ஆனால் கதை சொல்பவர் யார்?

முழுவதையும் யாழ்ப்பாண வாயிலேயே வாசித்திருக்கலாமே என்று சிலர் சொல்லலாம். அதற்கு எனக்குத் துணிவில்லை என்பதைவிட விருப்பமில்லை. நம் படங்களில் 'வாங்கோ போங்கோ' என்று இழுத்தால் இலங்கைத் தமிழ் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதைக் கேட்டு அந்த மக்கள் பல்லைக் கடிப்பதையும் பார்த்திருக்கிறேன். நான் திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயதில் வீட்டில் நாள் முழுக்க இலங்கை வானொலிதான். அப்துல் ஹமீது பேசுவதைக் கேட்டுத்தான் மைக்கின் முன்னால் உட்கார வேண்டும் என்ற ஆசையே வந்தது. அதனால் இந்தத் தமிழ் எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. அது வானொலித் தமிழ், எல்லாருக்குமாகச் சலித்து எடுத்தது. பாசையூர்க்காரர் அடுப்படியில் பேசுவது வேறு என்று அந்த அம்மாவின் குரல் பதிவுகளைக் கேட்டபோதுதான் புரிந்தது. அவரே முதல் நாள் சொன்னார்: "நீங்கள் எங்களை மாதிரிக் கதைக்க வேண்டாம். உங்கட மாதிரியே வாசியுங்கோ. பேரை மட்டும் ஒழுங்காச் சொல்லுங்கோ."

பாருங்கள், அவர் சொன்னதைத்தானே செய்தேன்? என் மாதிரி வாசித்தேன், பெயரை ஒழுங்காகச் சொன்னேன். கதை ஓட்டத்தில் மட்டும் இல்லை. அந்த 'மட்டும்' தான் இடிக்கிறது. ஏனென்றால் நாவலில் உரையாடல் குறைவு, முக்கால்வாசி கதை ஓட்டம்தான். அங்கே வரும் ரொறன்ரோ எல்லாம் என் வாயில் டொராண்டோ ஆகிவிட்டது. ஊரை விட்டுப் போய் முப்பது வருஷம் பனியில் கிடந்த ஒரு மனிதர், தனக்குள் தானே பேசிக்கொள்ளும்போது, சென்னைச் செய்தி வாசிப்பாளர் மாதிரிப் பெயர் சொல்கிறார்.

இன்னொரு பக்கம், ருஷ்ய நாவல்களுக்கு இந்தக் கவலையை யாரும் பட்டதில்லை. மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்டு அனுப்பிய தமிழ்ப் புத்தகங்களில் 'தல்ஸ்தோய்' என்று இருந்தது, ருஷ்ய ஒலிக்கு நெருக்கமாக. நாம் டால்ஸ்டாய் என்றே சொல்லிக்கொண்டு அவரைப் படித்து முடித்தோம். அவருக்கும் நஷ்டமில்லை, நமக்கும் இல்லை. அந்த வாதத்தை அந்த அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ருஷ்யன் வேறு மொழிக்காரன், அவன் பெயரை நம் நாக்குக்கு வளைப்பதில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. இங்கே எழுதியவரும் தமிழர், எழுத்தும் தமிழ், நான் அதை மொழிபெயர்க்கவில்லை. இருப்பதை வாசிக்கத்தான் சம்பளம்.

ஈழத்தவர் ஒருவரையே வாசிக்க வைத்திருக்கலாம் என்ற பேச்சு எங்கள் மூவரில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. தயாரிப்பாளர் கேட்கவில்லை, அந்த அம்மா மரியாதைக்குச் சொல்லவில்லை. எனக்கு இந்த நாவலை வாசிக்க வேண்டும் என்று இருந்தது. நல்ல நாவல். திருப்பிக் கொடுக்க மனம் வந்திருக்காது, இப்போதும் வராது.

மீதி அத்தியாயங்களையும் அதே முறையிலேயே முடித்தேன். நடுவில் மாற்றினால் முன்னும் பின்னும் ஒட்டாது, முதலிலிருந்து பதிவு செய்ய ஸ்டூடியோ வாடகைக்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள். இது நிஜமான காரணம்தான். அவர் கேட்ட அன்று இரண்டு அத்தியாயம்தான் முடிந்திருந்தது என்பதும் நிஜம்.

வீட்டில் சில நாள் அந்த நாவலை எடுத்து வாய்விட்டு வாசித்துப் பார்க்கிறேன். 'ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது' என்று ஒரு அத்தியாயம் தொடங்கும். டொராண்டோ என்று சொன்னால் வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது. அந்த அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி சொன்னால், அந்த ஒரு சொல் மட்டும் எழுந்து நின்று நான் நடிக்கிறேன் என்று காட்டிக்கொடுக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், சத்தமில்லாமல் படிக்கும்போது இரண்டுமே எனக்குள் கேட்பதில்லை. எழுத்தில் இருக்கிறபடியே, ரம்பத்தின் ரகரம் போட்டு, ரொ-றன்-ரோ என்றுதான் கேட்கிறது. ஸ்காபரோவிலும் சரி, பாசையூரிலும் சரி, சென்னையிலும் சரி, உலகத்தில் ஒருவர்கூட அப்படிச் சொல்வதில்லை. நான் விரும்பிப் படித்த நாவல் அந்த ஊரில்தான் நடந்தது.